மலைப் புல்லும் கடைமடைத் தண்ணீரும்



சர்வேசுரன் உலகத்தைச் சிருஷ்டித்த வரலாற்றை ஆதியாகமத்தில் வாசிக்கும்போது, உயிருள்ளவற்றில் முதலாவதாகத் தோன்றுவது மனிதனல்ல, மிருகமுமல்ல. மூன்றாம் நாளில் தரை வெளிப்பட்டவுடன் முளைத்த புல்பூண்டுகளே. அவற்றை ஆண்டவர் பார்த்து, நல்லவை என்று கண்டார். இதனால் எனக்கு என்ன லாபம் என்று கேட்க மனிதன் பிறவாத காலத்திலேயே, புல் நல்லது என்று தீர்ப்பாகிவிட்டது. இந்தச் சத்தியத்தை மறந்ததனால் நம் நாட்டு மலைகளுக்கு நேர்ந்த நஷ்டத்தை இவ்வாரம் உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். கடற்கரையில் வலை வீசும் நமக்கு மலைப் புல்லைப்பற்றி என்ன கவலை என்று எண்ணவேண்டாம். அதில் நமக்கும் பங்குண்டு.

விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில் நம்மவர் சிலர் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் போய், சலேத் மாதா கோவிலில் செபித்து, ஏரியையும் பார்த்துத் திரும்புவதுண்டு. அங்கே ஓங்கி வளர்ந்து நிற்கும் தைல மரமும், பைன் மரமும், சீகை என்னும் வாட்டில் மரமும் அந்த மலையின் சொந்தப் பிள்ளைகள் அல்ல. அந்நிய நாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. பழனிமலையிலும் நீலகிரியிலும் சுமார் 6,000 அடி உயரத்துக்கு மேலே சர்வேசுரன் வைத்த தோட்டம் வேறு. ஓடை ஓடும் பள்ளங்களில் குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை. மேட்டிலும் சரிவிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி. மார்கழி, தை மாதங்களில் அங்கே உறைபனி விழும். வெட்டவெளியில் முளைத்த மரக்கன்று அதில் கருகிப்போகும். புல்லோ கருகினாலும் வேரிலிருந்து மறுபடி தழைக்கும். நம் தெருவில் பூவரசு நிற்பதுபோல, அங்கே அந்தப் புல்வெளியின் நடுவில் காட்டுப் பூவரசு குளிரைத் தாங்கிச் சிவப்பாய்ப் பூத்து நிற்கும்.

குறிஞ்சி மலர்வதும் அந்தப் புல்வெளியில்தான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, 2006-லும் 2018-லும் பூத்தது; இனி 2030-ல் பூக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒரே ஒரு முறை பூத்து, விதையைக் கொடுத்துவிட்டு, அந்தச் செடி மடிந்துபோகும். சாலொமோன் ராசாவும் வயல்வெளி மலரைப்போல உடுத்தியதில்லை என்று நமது ஆண்டவர் சொன்னதன் பொருளை நீலம் போர்த்திய அந்த மலைச்சரிவில் கண்ணால் காணலாம்.

இந்தச் சோலைக்கும் புல்லுக்கும் இடப்பட்ட ஊழியம் என்ன? மழைத் துளியையும் மூடுபனியையும் சோலை மரங்களின் இலையும், கிளையில் படர்ந்த பாசியும் ஏந்திக்கொள்கின்றன. உதிர்ந்த இலை மக்கிக் கறுத்த மண் பஞ்சைப்போல நீரை உறிஞ்சி வைக்கிறது. புல்லின் வேர்கள் சரிவிலுள்ள மண்ணை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. மழை நின்று மாதங்கள் சென்றபின்னும் அந்த ஈரம் ஊற்றாய்க் கசிந்து ஓடையாகிறது.

இதைக் கண்டறியாத வெள்ளைக்கார அதிகாரிகள், மரமில்லாத நிலம் வீணான நிலம் என்று கணக்கிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகத் தைல மரமும் சீகையும் வந்தன. சுதந்திரத்துக்குப் பின்பும், தோல் பதனிடும் பட்டைக்காகவும், செயற்கைப் பட்டுக்கு வேண்டிய மரக்கூழுக்காகவும் புல்வெளிகளில் அவை மேலும் மேலும் நடப்பட்டன. பழனிமலையில் 1973 முதல் 2014 வரைக்குள் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது. நீலகிரியில் கிளென்மார்கன் என்னுமிடத்தில் ஆராய்ச்சியாளர் அளந்து பார்த்தபோது, புல்வெளியில் தைல மரம் வைத்த பகுதியின் நீர்வரத்து பத்து ஆண்டுகளில் சுமார் 16 சதவீதம் குறைந்திருந்தது. நம் புதுக்கோட்டைச் சீமையில் தைலமரக் காட்டையும் சீமைக் கருவேலத்தையும் கண்டு வருந்துகிறவர்களுக்கு இதை நீட்டிச் சொல்லவேண்டியதில்லை.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? நீலகிரியின் ஓடைகள் பவானியில் சேருகின்றன. பழனிமலையின் வடசரிவு நீர் சண்முகநதி, குதிரையாறு வழியாக அமராவதியில் சேருகிறது. பவானியும் அமராவதியும் காவிரியில் கலக்கின்றன. குடகிலிருந்து வரும் வெள்ளத்தோடு அந்த மலைநீரும் கல்லணையை அடைந்து, அங்கிருந்து புது ஆறு என்னும் கல்லணைக் கால்வாய் வழியாக நம் மணமேல்குடிப் பக்கத்து மும்பாலை ஏரியில் வந்து முடிகிறது. நாம் கடைமடைக்காரர். மேலே ஒரு புல்வெளி அழிந்தால், முதலில் காய்வது கடைசியில் இருப்பவனுடைய வாய்க்கால் அல்லவா?

நமது திருச்சபையின் குருக்கள் சிலர் இந்தப் புல்பூண்டுகளை அறிவதற்கே தங்கள் ஆயுளைச் செலவிட்டார்கள். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895-ல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியில் வாழ்ந்த சேசு சபைக் குரு சங். ஆங்கிலாட் சுவாமி, மலைச் செடிகளைத் தேடி நடந்து வண்ணத்தில் தீட்டி வைத்தார். அதே சபையின் சங். கே. எம். மத்தேயு சுவாமி, திருச்சி அர்ச். சூசையப்பர் கல்லூரியில் 1967-ல் ராபினாட் ஹெர்பேரியம் என்னும் உலர்செடிக் காப்பகத்தை நிறுவினார். பழனிமலைத் தாவரங்களைப்பற்றிய பெரிய நூலை 1999-ல் மூன்று பாகங்களாக வெளியிட்டார். பூசை செய்த கையினாலேயே புல்லையும் எடுத்துப் பெயர் எழுதி வைத்தார்கள். சிருஷ்டியை ஆராய்வது சிருஷ்டிகரைத் தோத்தரிப்பதுதான் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ்கு 2015-ல் எழுதிய நிருபத்தில் போதித்ததும் இதுவே: ஒவ்வொரு சிருஷ்டிக்கும், மனிதனுக்குப் பயன்பட்டாலும் படாவிட்டாலும், தேவ சந்நிதானத்தில் தனக்கென்று மதிப்புண்டு.

ஆகையால், பிரியமானவர்களே, சும்மா கிடக்கிறது என்று எதையும் துணிந்து சொல்லாதேயுங்கள். நம் கரையில் மணல்மேட்டின்மேல் படர்ந்த அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் சும்மா கிடக்கவில்லை. காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. சேற்றில் நிற்கும் அலையாத்தி அலையின் வேகத்தைத் தணிக்கிறது. கடலடியில் கடற்புல் மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் தொட்டிலாயிருக்கிறது. கடற்பசு அதை மேய்ந்து பிழைக்கிறது. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமென்று 2022-ல் அரசாங்கம் அறிவித்தது இதற்காகவே. குறிஞ்சி பூத்த அதே 2018-ல், நவம்பர் 16-ந் தேதி கரையேறிய கஜா புயல் நம் மாவட்டத்தை அடித்து நொறுக்கி, திண்டுக்கல் சீமை வழியாக மேற்கே போனதை நாம் மறக்கவில்லை. மலைக்கும் கடலுக்கும் ஒரே காற்று, ஒரே தண்ணீர், ஒரே ஆண்டவர்.

வீட்டுக்குள்ளும் இந்தத் தப்புக் கணக்கு நுழைந்துவிடுகிறது. கடலுக்குப் போக முடியாத தகப்பனையும், கண் மங்கிய பாட்டியையும், வளர்ச்சி குன்றிய பிள்ளையையும் இவர்களால் என்ன பயன் என்று மனதுக்குள் எண்ணுகிறவன், புல்வெளியை வீணென்று எழுதியவனுடைய கணக்கையே எழுதுகிறான். அவர்களுடைய செபமும் பொறுமையும் எந்தக் குடும்பத்துக்கு ஊற்றாய்க் கசிகிறதென்று சர்வேசுரன் அறிவார்.

சிங்காரத் தோப்பில் ஆதாமுக்கு இடப்பட்ட வேலை உழைப்பதும் காப்பதுமே. நாம் உடைமைக்காரரல்ல, காரியஸ்தர். காரியஸ்தன் ஒருநாள் கணக்குக் கொடுக்கவேண்டும். எனவே ஒவ்வொரு குடும்பமும் மூன்று பிரதிக்கினை செய்வீர்களாக. மலைக்குப் போனால் பூவைப் பறியாமலும் குப்பையைப் போடாமலும் திரும்புவோம். நம் மணல்மேட்டுக் கொடிகளை வெட்டாமலும், அறுந்த வலையையும் பிளாஸ்டிக்கையும் கடலில் எறியாமலும் இருப்போம். பிள்ளைகளுக்கு ஜெபங்களைக் கற்றுக்கொடுப்பதுபோல, நம் ஊர்ச் செடிகளின் பெயர்களையும் கற்றுக்கொடுப்போம்.

புல்லையும் உடுத்துகிற பரம பிதா உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமி