முடிவு தெரிந்த பயம்

2009 செப்டம்பரில் பிரிட்டனின் இசைத்தொகுப்பு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தவர் ஒரு பாட்டி. வேரா லின்னுக்கு அப்போது வயது 92. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-ல் அவர் பாடிய 'வீல் மீட் அகெய்ன்' (மீண்டும் சந்திப்போம்) பாட்டின் பெயரையே அந்தத் தொகுப்புக்கும் வைத்திருந்தார்கள். 1944-ல் இருபது வயதுச் சிப்பாயாக அவரைக் கேட்டவருக்கு அந்த வருடம் 85 ஆகியிருக்கும். அந்த வயதுக்காரர்கள் மட்டும் கடைக்குப் போய் ஒரு தொகுப்பை முதலிடத்துக்கு ஏற்றிவிட முடியாது. குண்டு விழும் சத்தத்தைக் காதால் கேட்டிராத மகன்களும் பேத்திகளும் வாங்கியிருக்கிறார்கள். 2020 ஏப்ரல் 5 அன்று, கொரோனா ஊரடங்கின் நடுவே தொலைக்காட்சியில் பேசிய ராணி எலிசபெத், கடைசியில் அந்தப் பாட்டைத் தொட்டுத்தான் முடித்தார். கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு மாதம் கழித்து வேரா லின் 103 வயதில் காலமானார்.

போரைக் காணாமலே போர்க்காலப் பாட்டைத் தேடும் இந்தக் கூட்டத்தில் நானும் உண்டு. அதுவும் எந்த உரிமையும் இல்லாத தூரத்திலிருந்து. எங்கள் பரம்பரையில் யாரும் ஜிட்டர்பக் நடனம் ஆடியதில்லை என்று தைரியமாகச் சொல்வேன். ஆனாலும் அதே காலத்து அமெரிக்க பேண்ட் தலைவர் க்ளென் மில்லரின் 'மூன்லைட் செரினேட்' தொடங்கினால் கையில் இருக்கும் வேலை நின்றுவிடுகிறது. அந்தச் சத்தம் அந்நியமாகப் படாததற்கு நம் சினிமாதான் காரணம் என்று நினைக்கிறேன். பம்பாய் ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்த கோவாக்காரர்கள் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களிலும் போய் உட்கார்ந்தார்கள். டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட் அவர்களில் ஒருவர், சி. ராமச்சந்திரா இசையமைத்த 'அல்பேலா' (1951) பாடல்களில் அந்தக் கைவண்ணம் தெரியும். விஸ்வநாதன் - ராமமூர்த்தியின் கிளப் பாடல்களில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து எழும்போது கேட்பதும் அதே வம்சத்தின் குரல்தான். ஆக, பழக்கத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. ஏக்கத்துக்குக் கிடைக்கவில்லை. நான் வாழாத ஒரு காலம், அதுவும் கோடிக்கணக்கானோர் செத்த காலம். அதன் மீது எனக்கு ஏன் ஏக்கம் வர வேண்டும்?

இந்தப் பாடல்களைத் தொடர்ந்து கேட்டால் ஒன்று புரியும். இந்தப் போர்க்காலப் பாடல்களில் போரே இல்லை. எதிரியின் பெயர் வராது, துப்பாக்கி வராது, வெற்றி முழக்கமும் வராது. பிரிந்தவர்கள் சேர்வது, பழகிய தெரு, திரும்பக் கிடைக்கப்போகும் சாதாரண நாள், இவ்வளவுதான் விஷயம். 'ஒயிட் க்ளிஃப்ஸ் ஆஃப் டோவர்' பாட்டை எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் அமெரிக்கர்கள். அதில் டோவர் பாறைகளுக்கு மேல் பறக்கும் நீலப்பறவை அமெரிக்கக் கண்டத்துப் பறவை, இங்கிலாந்தில் கிடையாது. பாட்டை நேசித்தவர்களுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

அதிகாரிகளுக்குத்தான் பொறுக்கவில்லை. 1941 நவம்பரில் பி.பி.சி.யில் வேரா லின்னின் ஞாயிறு இரவு நிகழ்ச்சி தொடங்கியது. வெளிநாட்டில் இருக்கும் சிப்பாய்களுக்கு வீட்டிலிருந்து போகும் கடிதமாக அதை அமைத்திருந்தார்கள். இப்படி உருகினால் சிப்பாய்க்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும், சண்டை போடும் வேகம் வடிந்துவிடும் என்று ராணுவத்திலும் பி.பி.சி.க்குள்ளும் முணுமுணுப்பு. 1942-ல் நடன இசைக்கென்றே ஒரு குழு உட்கார்ந்து, மிதமிஞ்சி உருகும் பாடல்களையும் சோகை பிடித்த குரலில் பாடும் ஆண் பாடகர்களையும் ஒலிபரப்பிலிருந்து ஒதுக்க முடிவெடுத்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது கம்பீரமான, நெஞ்சை நிமிர்த்தும் பாட்டு. அப்படி வந்த பாட்டுகளை இன்று யாரும் தேடி வாங்குவதில்லை.

எதிர்த்தரப்பிலும் இதே கதை. 'லிலி மார்லீன்' கவிதையை ஹான்ஸ் லைப் முதல் உலகப் போரின்போது, 1915-ல், எழுதினார். 1938-ல் நார்பெர்ட் ஷூல்ட்சே மெட்டமைத்தார். லாலே ஆண்டர்சன் பாடிய இசைத்தட்டு முதலில் விலை போகவில்லை. 1941-ல் ஜெர்மானியர் கைக்கு வந்திருந்த பெல்கிரேடு வானொலி தினமும் இரவு பத்து மணியை ஒட்டி அதைப் போட ஆரம்பித்தது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மன் தளபதி ரோமலின் படையும் பிரிட்டனின் எட்டாம் படையும் அந்த நேரத்துக்கு அதே வானொலிக்குக் காது கொடுத்தன. நாஜி பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்கு அந்தப் பாட்டைக் கண்டாலே ஆகாது. ஒரு கட்டத்தில் பாடகிக்கே மேடை மறுக்கப்பட்டது. பாசறை வாசலில் விளக்கடியில் காத்து நிற்கும் ஒரு பெண், அவளை நினைக்கும் ஒரு சிப்பாய். இதைக் கேட்டு இரண்டு அரசாங்கங்கள் கவலைப்பட்டன.

அன்று இந்தப் பாடல்களைக் கேட்டவர்களின் இடத்தில் கொஞ்சம் இருந்து பார்த்தால்தான் எனக்கு என் ஏக்கத்தின் கணக்கு புரிகிறது. 1941-ல் லண்டனில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஜெர்மனி தோற்கும் என்று தெரியாது. புருஷன் திரும்புவானா என்பதும் தெரியாது. தபால்காரர் வந்தால் கடிதமா தந்தியா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மீண்டும் சந்திப்போம் என்ற வாக்கு அவளுக்கு ஒரு பந்தயம். எனக்கு அது வென்றுவிட்ட பந்தயம். 1945 மே 8 என்று தேதியோடு தெரியும். அவளிடம் இருந்த பயத்தை எடுத்துவிட்டு, அந்தப் பயத்தால் வந்த நெருக்கத்தை மட்டும் நான் வாங்கிக்கொள்கிறேன். முடிவு தெரிந்த பயம் அத்தனை சுகமானது. நம்முடைய இன்றைய பயங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் அடுத்தவர் பயத்தில் போய்க் குடியிருக்கத் தோன்றுகிறது.

2021 மே மாதம், கொரோனா காலத்தில், வீட்டில் ஒருவரின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி எண் எத்தனை காட்டுகிறது என்று இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நாட்களில் நான் பாட்டே கேட்கவில்லை, பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இப்போது பாருங்கள், ஊரடங்கு நாட்களைப் பற்றியே சிலர் கண்கள் மின்னப் பேசுகிறார்கள். எல்லோரும் ஒன்றாக வீட்டில் இருந்தோமே, மொட்டைமாடியில் பேசிக்கொண்டிருந்தோமே, வானம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்கிறார்கள். பொய் சொல்லவில்லை. பிழைத்தவர்களின் ஞாபகம் அப்படித்தான் வேலை செய்கிறது.

பெரிய பேண்ட் இசை இந்த ஞாபகத்துக்கு இன்னும் வாகானது. பதினாறு பதினேழு பேர் வாசிப்பது. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று வரிசை வரிசையாக உட்கார்ந்து ஒரே மூச்சாக ஊதுவது. மில்லரின் தனித்துவம் மேலே கிளாரினெட்டை வைத்ததில் இருக்கிறது. அதே மெட்டை ஒரு டெனர் சாக்ஸபோன் ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கும். நடுவில் மற்ற சாக்ஸபோன்கள் நிரப்பும். அதில் யாருடைய குரலும் தனியாக நிற்காது. கூட்டம் பிடிக்காத என்னைப் போன்றவனையும் கூட்டத்தில் சேர்த்துவிடும் இசை அது.

மில்லர் 1942-ல், 'சட்டனூகா சூ சூ' 12 லட்சம் தட்டுகள் விற்று முதல் தங்கத் தட்டு வாங்கிய அதே வருடம், பேண்டைக் கலைத்துவிட்டு 38 வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பாரிசுக்குக் கிளம்பிய ஒரு சிறு விமானத்தில் ஏறினார். விமானம் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் இருந்திருந்தால் அந்த இசையும் அவரோடு சேர்ந்து கிழடு தட்டியிருக்கும் என்பது என் சந்தேகம். போர் முடிந்த அடுத்த வருடமே, 1946 கடைசியில், பென்னி குட்மேன், ஹாரி ஜேம்ஸ், டாமி டார்சி, வுடி ஹெர்மன் என்று பெரிய பேண்டுகள் சில வாரங்களுக்குள் கலைந்தன. நடனக்கூடங்களுக்குப் போட்ட போர்க்கால வரி ஒரு காரணம். இசைக்கலைஞர் சங்கம் 1942 முதல் 1944 வரை ஒலிப்பதிவுக்கு வர மறுத்தது இன்னொன்று. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லாததால் தட்டுகளில் அவர்கள் முந்திக்கொண்டார்கள். ஊர் திரும்பிய சிப்பாய்களோ கல்யாணம் செய்துகொண்டு வீட்டில் இருக்க விரும்பினார்கள். பாட்டில் கேட்ட சாதாரண நாள் கிடைத்ததும், அதைக் கேட்ட நடனக்கூடம் காலியாகிவிட்டது.

ஏக்கம் எதையெல்லாம் விட்டுவிட்டு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். லண்டனில் 'கஃபே டி பாரி' என்ற நிலவறை விடுதியில் பேண்ட் நடத்தியவர் கென் ஜான்சன், பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்த கறுப்பர். 1941 மார்ச் 8 இரவு அங்கே குண்டு விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஜான்சனும் செத்தார், வயது 26. அமெரிக்காவில் 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்' என்று ஒரு பெண்கள் பேண்ட். மிசிசிப்பியில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளிக்கூடத்தில் உருவானது. பிறகு வெள்ளைக்காரப் பெண்களும் சேர்ந்தார்கள். தென்மாநிலங்களில் ஹோட்டல்கள் இடம் தராததால் பேருந்திலேயே தூங்கினார்கள். சேர்ந்து வாசிப்பதே சட்டவிரோதம் என்பதால் வெள்ளைக்காரப் பெண்கள் முகத்தில் கருநிற ஒப்பனை பூசிக்கொண்டு மேடை ஏறினார்கள். சுதந்திரத்துக்காகப் போரிட்ட அமெரிக்கப் படையிலேயே நிறவாரியான பிரிவை விலக்கும் உத்தரவு 1948-ல்தான் வந்தது. ஒன்றாக இருந்த காலம் என்று அதைச் சொல்பவர்கள் யார் யாரோடு ஒன்றாக இருந்தார்கள் என்று சொல்வதில்லை.

நம் பக்கத்திலிருந்தும் அந்த இசைக்கு ஒரு பங்கு போனது. தட்டுக்குத் தேவையான அரக்கு இந்தியாவிலிருந்துதான் கப்பலேறியது. வரத்து குறைந்ததும் 1942-ல் அமெரிக்காவில் தட்டு உற்பத்திக்கே கட்டுப்பாடு வந்தது. 1944-ல் வேரா லின் இந்தியா வழியாக பர்மா முனைக்குப் போனார். லாரியில் ஏற்றிய ஒரு சிறு பியானோவோடு, வெக்கையிலும் கொசுக்கடியிலும், மருத்துவமனைக் கூடாரங்களில் பாடினார். வேறு பிரபலங்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம் அது. எனக்கு அவர் மீது மரியாதை கூடுவது இந்த ஒரு பயணத்தால். ஆனால் அவர் பாடப்போன பதினான்காம் படையில் பெரும்பாலோர் இந்தியர்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் தமிழர்களும் அதில் இருந்தார்கள். எதிரே இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள், ராம்சிங் தாக்கூரி மெட்டமைத்த 'கதம் கதம் படாயே ஜா' பாட்டுக்கு நடை போட்டார்கள். பிரிட்டிஷ் அரசு அந்தப் பாட்டைத் தடை செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அது இந்திய ராணுவத்தின் அணிவகுப்பு இசையானது. அதே மலாயாவிலிருந்து சயாம் - பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டுப் பல்லாயிரக்கணக்கில் செத்த தமிழ்க் கூலிகளுக்காகப் பாட லாரியில் பியானோ வரவில்லை. வேரா லின் வந்ததற்கு முந்தைய வருடம்தான் வங்காளத்தில் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்திருந்தார்கள்.

இது பாடகியின் குற்றமும் இல்லை, பாட்டின் குற்றமும் இல்லை. பாட்டு தன் காலத்தில் தன் வேலையைச் செய்தது. தெரியாத நாளைக்கு முன்னால் நிற்கும் ஒருவரை அன்றிரவு தூங்க வைத்தது. அந்தக் காலம் நல்ல காலம் என்று சாட்சி சொல்லும் வேலையை அதன் தலையில் கட்டுவது நாம்தான். பிரிட்டனில் அரசியல்வாதிகள் அதை அடிக்கடி செய்கிறார்கள், கேட்கவே கூசுகிறது. பாட்டை வைத்துக்கொண்டு காலத்தை விட்டுவிடுவதே என் தீர்ப்பு.

இந்த இசைக்குப் புதியவர்கள் மில்லரிடமிருந்தே தொடங்கலாம், இனிமைக்கு உத்தரவாதம். அதோடு நின்றுவிடாமல் கென் ஜான்சனின் பேண்ட் பதிந்த சில தட்டுகளையும், பேருந்தில் தூங்கிய அந்தப் பெண்களின் வாசிப்பையும் கேளுங்கள். இரண்டும் இணையத்தில் இருக்கின்றன.