இருவர் படமும் மூன்றாமவரும்

நம் இல்லங்களின் கூடத்துச் சுவரில் தொங்கும் பழைய படங்களைக் காணும் இளைஞர்கள், அவற்றிலுள்ள கணவனும் மனைவியும் அந்நியரைப்போல் இருப்பதாகக் கூறுவதுண்டு. கணவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். மனைவி அருகே விறைத்து நிற்பார். இருவர் முகத்திலும் சிரிப்பிராது. இதைக்கொண்டு அவர்களிடையே அன்பில்லை என முடிவுகட்டலாமா? அமரவும் நிற்கவும் சொன்னவர் படம் பிடித்தவர். நாம் காண்பது அக்காலப் படநிலையத்தின் மரபு. அவர்கள் வாழ்ந்த இல்லறம் அதில் எங்கே இருக்கிறது?

அவ்வாறாயின், உறவைப் படம் பிடிக்க இயலுமா என்ற வினா எழுகிறது. கருவிக்குத் தெரிவன இரண்டு உடல்களும் அவற்றிடையே உள்ள இடைவெளியுமே. அவ்விடைவெளிக்குப் பொருள் கற்பிப்பவர்கள் நாம்.

அமெரிக்க நிழற்படக் கலைஞர் லேரி சுல்தான் தம் பெற்றோரைப் பல ஆண்டுகள் படமெடுத்து, 1992ஆம் ஆண்டில் 'பிக்சர்ஸ் ஃப்ரம் ஹோம்' என்னும் நூலாக்கினார். அவர் 1984இல் எடுத்த படமொன்றில், தாய் சுவரருகே மகனின் கருவிக்கு முகங்காட்டி நிற்கிறார். தந்தையோ நமக்கு முதுகைக் காட்டித் தொலைக்காட்சியில் ஆழ்ந்திருக்கிறார். முதுமையில் மனம் விலகிய தம்பதியர் என்று காண்போர் நொடியில் தீர்ப்பளித்துவிடுவர். ஆனால் அப்படத்தின் தலைப்பு, தாய் தமக்காக நிற்கிறார் என்று மட்டுமே கூறுகிறது. தந்தையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆக, அப்படத்தில் கண்ணுக்குப் புலப்படாத மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். தாயின் பார்வை அவரை நோக்கியது. கணவன் மனைவி உறவென நாம் எண்ணியது, தாய் மகன் உறவாகவும் இருக்கலாமன்றோ?

மற்றொரு படத்தில் தந்தை நல்லுடை அணிந்து, கட்டிலில் வாட்டத்துடன் அமர்ந்திருக்கிறார். அங்கே அமர்ந்திருப்பது தாமல்லர், மகனே என்று அவர் மறுத்துரைத்தார். மகன் அம்மறுப்பையும் மறைக்காமல் வெளியிட்டார். அது நேர்மையான செயல்தான். எனினும் என் மனம் முழு நிறைவு கொள்ளவில்லை. படமெடுக்க இசைந்தவர், அப்படத்திற்கு ஏற்றப்படும் பொருளுக்கும் இசைந்தவராவாரா? படம் முதற்பார்வையிலேயே உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. மறுப்போ படிப்பவர்க்கு மட்டுமே எட்டுகிறது. நம் கூடத்துப் படங்களில் இருப்போர்க்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

அகப்பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் வரையறுத்தது. இலக்கண வகுப்பில் அதை நாம் ஒரு விதியாகவே கற்பித்துக் கடந்துவிடுகிறோம். ஒருவரின் அந்தரங்கத்தை ஊரார் வாயில் இடாமலே உறவின் ஆழத்தைப் பாட, அவ்விதி வழி செய்தது. நிழற்படக் கலைஞனுக்கு அவ்வாய்ப்பில்லை. அவனுக்குக் குறிப்பிட்ட ஒரு முகம் வேண்டும், அம்முகத்துக்குரியவர் உயிரோடிருக்கிறார், நாளை அப்படத்தை அவரும் காண்பார்.

சுல்தானின் தந்தை கண்டார், மறுத்தார். மறுத்த அதே பேச்சில், மகனின் பணிக்கு உதவுவதில் தமக்கு மகிழ்ச்சியே என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தச் சொல்லை எந்தக் கருவி படம் பிடித்திருக்கும்?