அநீதியான சட்டமும் அறவழி வழக்காடலும்: சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டனை முன்வைத்து

அறமற்ற சட்டவிதி ஒன்றின் எல்லைக்குள் நின்று வழக்காடுவது அவ்விதிக்கு உடன்படுவது ஆகுமா? அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் இவ்வினாவைத் தம் தொழில் வாழ்வு முழுவதும் எதிர்கொண்டவர் வழக்கறிஞர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் (1895-1950). பள்ளிகளில் நிறப்பிரிவினையைச் செல்லாதாக்கிய 1954ஆம் ஆண்டுப் பிரவுன் வழக்குத் தீர்ப்பைப் பேசுவோர் தர்குட் மார்ஷலைப் போற்றுவர். அவருடைய ஆசிரியரான ஹூஸ்டனைப் பெரும்பாலும் மறந்துவிடுவர்.

முதல் உலகப் போரில் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த படையில் அதிகாரியாக இருந்த ஹூஸ்டன், அங்கு நேர்ந்த இழிவுகளுக்குப் பின்னரே சட்டம் பயிலத் துணிந்தார். ஹார்வர்டில் பயின்ற அவர், 1929 முதல் 1935 வரை ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்று, அதனை முழுநேரப் பகற்பள்ளியாக்கினார். மார்ஷல் 1933இல் அங்குப் பட்டம் பெற்றார்.

1896ஆம் ஆண்டுப் பிளெஸ்ஸி தீர்ப்பு, 'தனித்தனியே, ஆயினும் சமமாக' என்னும் கோட்பாட்டிற்கு இசைவு அளித்திருந்தது. ஹூஸ்டன் தொடக்கத்தில் 'தனித்தனியே' என்பதைத் தாக்கவில்லை. 'சமமாக' என்பதை நிறைவேற்றுக என்றார். எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் கட்டும் செலவை மாநிலங்கள் தாங்கமாட்டா என்பது அவருடைய கணிப்பு.

மிசௌரிப் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி லாயிட் கெய்ன்ஸ் என்னும் கறுப்பின மாணவரை ஏற்க மறுத்தது. வெளிமாநிலத்தில் பயிலக் கட்டணம் தருவதாக மாநிலம் கூறியது. தன் எல்லைக்குள்ளேயே சமமான கல்வியை அளித்தல் மாநிலத்தின் கடமை என 1938இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைவு என்ன? 1939இல் கறுப்பினத்தவர்க்கென மிசௌரி தனிச் சட்டப் பள்ளி ஒன்றைத் திறந்தது. சமத்துவம் கேட்டவர்க்குக் கிடைத்தது மற்றுமொரு சுவர். உடன்பாடு என்னும் குற்றச்சாட்டு இவ்விடத்தில்தான் வலுப்பெறுகிறது.

ஆயினும் அதனை முழுமையாக ஏற்பதற்கில்லை. பொய்யான வாக்குறுதியை அளித்தவரிடமே அதை நிறைவேற்றக் கேட்பது பொய்க்கு உடன்படுவதன்று. பொய்யை அவர் வாயாலேயே வெளிப்படச் செய்வது. ஹூஸ்டன் 1950 ஏப்ரலில் மறைந்தார். அவ்வாண்டு ஜூனில், டெக்சாஸ் மாநிலம் அமைத்த தனிச் சட்டப் பள்ளி, ஆசிரியர் தகுதியிலும் நற்பெயரிலும் பிற அளவிடற்கரிய கூறுகளிலும் பழைய பள்ளிக்கு நிகராகாது என நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது. 'சமமாக' என்னும் சொல்லை இறுதிவரை வற்புறுத்தியதனால்தான் 'தனித்தனியே' என்பது நிலைகுலைந்தது.

இவ்விடை கெய்ன்ஸுக்குப் பொருந்துமா என்பதே என்னை உறுத்தும் ஐயம். கோட்பாட்டை நிறுவ ஒரு மனிதர் தேவைப்படுகிறார். வழக்கறிஞர் அவரை முன்னிறுத்துகிறார். செய்தித்தாள்களும் பகையும் அவரைச் சூழ்கின்றன. 1939 மார்ச்சில் சிகாகோவில் தங்கியிருந்த கெய்ன்ஸ் ஒரு மாலை வெளியே சென்றார். பின்னர் அவரை எவரும் காணவில்லை. வாதி இல்லாமையால் வழக்கு கைவிடப்பட்டது. ஹூஸ்டனைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமன்று. கெய்ன்ஸ் தாமே விரும்பி வழக்குத் தொடுத்தவர். எனினும் அவரைச் 'சான்று வழக்கு' என்னும் பெயராலேயே நினைவுகூர்வது, அவர் கேட்ட ஓர் இருக்கையை மறப்பதாகும். 2006இல் மிசௌரிப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு சட்டப் பட்டம் வழங்கியது.