கடவுளுக்கு எழுதும் பிராது

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் அர்ச்சனைத் தட்டோடு ஒரு தாளும் கொண்டுவருகிறார்கள். கொடுத்த கடன் திரும்பவில்லை, வீட்டில் நகை காணாமல் போய்விட்டது, அண்ணன் தம்பிக்குள் பகை, தீராத நோய். எதுவானாலும் மனுவாக எழுதி, சுவாமி முன் வைத்துப் பூஜை செய்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டுப் போகிறார்கள். இதற்குப் பெயர் பிராது கட்டுதல். காரியம் கைகூடியதும் மறுபடி வந்து ராஜினாமா கொடுத்துப் பிராதை முடித்துவைக்க வேண்டும். உத்தராகண்டில் அல்மோராவுக்குப் பக்கத்திலுள்ள கோலு தேவதை கோயிலிலும் இதே வழக்கம் உண்டு. அங்கே முத்திரைத்தாளில்கூட எழுதி, எண்ணற்ற மணிகளுக்கு நடுவே தொங்கவிடுகிறார்கள்.

பாமரர்களின் பழக்கம் என்று இதை ஒதுக்கிவிடுவது தவறு. பிராது எழுதுகிறவர் அழுது ஓய்வதோடு நிற்பதில்லை. நடந்ததைச் சொல்கிறார், வேண்டியதைக் கேட்கிறார், பதில் சொல்லும் பொறுப்பு உனக்கு இருக்கிறது என்று கடவுளுக்கு நினைவூட்டுகிறார். கேட்க ஆளில்லை என்று நம்புகிறவர் மனு எழுத உட்காரமாட்டார். துன்பத்தில் கடவுளை நோக்கி எழுதப்பட்ட முறையீடுகள் பல சமயங்களில் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இருப்பதும் முறையிடும் இந்த உரிமைதான். குறை சொல்வது பக்திக் குறைவு என்று வளர்க்கப்பட்ட எத்தனையோ பேருக்கு இந்த உரிமை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் போய்விட்டது.

பைபிளில் உள்ள 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். பதின்மூன்றாம் சங்கீதம் எடுத்த எடுப்பிலேயே, இன்னும் எத்தனை காலம் என்று நான்கு முறை கேட்கிறது. பெரும்பாலான புலம்பல்களுக்கு ஒரு நடை உண்டு. கடவுளைக் கூப்பிடுவார்கள், குறையைச் சொல்வார்கள், உதவி கேட்பார்கள், கடைசியில் நம்பிக்கைக்கோ நன்றிக்கோ வந்து சேர்வார்கள். ஆனால் 88ஆம் சங்கீதம் அப்படி வந்து சேர்வதில்லை. நண்பர்களும் விலகிப்போன நிலையில், இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. தொகுத்தவர்கள் அதற்கு ஓர் ஆறுதல் வரியை ஒட்டவைத்திருக்கலாம், ஒட்டவைக்கவில்லை. விடியாத நிலையில் ஜெபிக்கிறவருக்கும் வேதத்தில் ஓர் இடம் வேண்டும் என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும். சிலுவையில் இயேசு கதறியதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான்.

ஆராதனையில் துதிப்பாடல்கள் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்று அமெரிக்க வேத அறிஞர் வால்டர் புருகேமன் 1986இல் ஒரு கட்டுரையில் கேட்டார். புலம்பலை இழந்த சமூகம் கடவுளோடு உள்ள உறவில் தன் பக்கத்துக் குரலையே இழக்கிறது. பிறகு நீதியைப் பற்றிக் கேட்கவும் அதற்கு வாய் எழாது என்பது அவர் வாதம். சாவு வீடுகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பிள்ளையை இழந்த தாயிடம், அழாதே, எல்லாம் அவர் சித்தம் என்று சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். அவளோடு சேர்ந்து ஏன் என்று கேட்க ஒருவர் வருவது அரிது.

தமிழ்ப் பக்தி மரபு இந்த விஷயத்தில் கூச்சப்பட்டதே இல்லை. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்டபோது சுந்தரர் பார்வையை இழந்தார் என்கிறது பெரியபுராணம். பிழை தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வழிநெடுக ஊர் ஊராக முறையிட்டுப் பாடிக்கொண்டே போகிறார். காஞ்சியில் ஒரு கண் கிடைக்கிறது. திருவாரூரில் மற்றக் கண்ணுக்காகப் பாடிய பதிகத்தில் சிவனை நேருக்கு நேர் இடித்துரைக்கிறார்: அடியார்கள் இப்படித் தவிக்கும்போது நீர் மட்டும் சுகமாக இருந்துகொள்ளும் என்கிற தொனி. அந்தப் பதிகத்தை யாரும் மறைத்துவைக்கவில்லை. ஏழாம் திருமுறையில் சேர்த்து, கோயில்களில் ஓதும் பாட்டாக்கினார்கள். மாணிக்கவாசகர் இன்னும் ஒரு படி மேலே போனார். தன்னைக் கைவிட்டுவிடாதே என்று கெஞ்சும் நீத்தல் விண்ணப்பத்தின் முடிவை நெருங்கும்போது, கைவிட்டால் உன்னை ஊரறியத் தூற்றுவேன் என்று கடவுளையே மிரட்டுகிறார்.

நீத்தல் விண்ணப்பம் ஐம்பது பாட்டு, அந்தாதி. ஒரு பாட்டு முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கும். இதேபோல, கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை அழித்ததை நினைத்து அழும், பைபிளிலுள்ள புலம்பல் நூலின் ஐந்து அதிகாரங்களில் முதல் நான்கும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்து வரிசையில் அமைந்தவை. ஓர் எழுத்துக்கு மும்மூன்று வசனமாக மூன்றாம் அதிகாரம் 66 வசனம். நெஞ்சு வெடிக்கும் துயரில் இருக்கிறவருக்கு எழுத்து வரிசையும் தொடையும் எதற்கு என்று தோன்றலாம். துயரத்துக்கு எல்லை தெரியாது, அடுத்து எங்கே கால் வைப்பது என்றும் தெரியாது. அடுத்த எழுத்து மட்டும் தெரியும். வடிவம் அழுகையை அடக்கவில்லை, கடைசிவரை அழ வழி செய்து கொடுத்தது. ஐந்தாம் அதிகாரத்தில் 22 வசனம் இருக்கிறது, எழுத்து வரிசை இல்லை. அங்கே அந்தப் பிடியும் நழுவிவிட்டது போலும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த மரபின் மிகக் கடினமான பக்கங்களை எழுதியவர் வார்சாவில் வாழ்ந்த யூத குரு காலோனிமுஸ் கல்மன் ஷபிரா. 1939 செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அவருடைய ஒரே மகன் படுகாயமுற்று இறந்தார். மருத்துவமனைக்கு வெளியே காத்திருந்த மருமகளும் குண்டுக்குப் பலியானார். சில வாரங்களில் தாயாரும் போய்விட்டார். அதற்குப் பிறகும் ஷபிரா ஓய்வுநாள்களில் உரையாற்றினார். ஓய்வுநாளில் எழுதுவது விலக்கு என்பதால், பேசியதை அது முடிந்தபின் நினைவிலிருந்து எபிரேயத்தில் எழுதிவைத்தார்.

அந்த நவம்பரில் அவர் எடுத்துக்கொண்ட பகுதி ஆபிரகாமின் மனைவி சாராளின் மரணம். வேதத்தில் அது ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடத் துணிந்த கதையை அடுத்து வருகிறது. மகனைப் பற்றிக் கேட்ட அதிர்ச்சியில் அவள் உயிர் போயிற்று என்பது பழைய உரை. ஷபிரா சொன்னது வேறு. துன்பம் அளவு மீறினால் மனிதர் தாங்கமாட்டார் என்று கடவுளுக்குக் காட்டவே, வேதத்தை எழுதியவராக மரபு கொள்ளும் மோசே இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். சாராளின் சாவே ஒரு முறையீடு என்றார். மகனைப் பறிகொடுத்துச் சில வாரங்களே ஆன ஒருவர், தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் சபை முன் நின்று இதைச் சொல்கிறார். கடவுளிடம் கோபிக்க வேதத்தையே சாட்சிக்கு அழைத்த துணிவு அது.

1941இன் இறுதியில், யூதர்கள் இதுபோன்ற துன்பங்களை முன்பும் கண்டிருக்கிறார்கள், ஏன் நம்பிக்கை தளர வேண்டும் என்று அவர் எழுதினார். 1942இன் பிற்பகுதியில், லட்சக்கணக்கானோர் கொலைமுகாமுக்கு ஏற்றப்பட்ட பிறகு, அதே பகுதிக்கு ஒரு குறிப்பு சேர்த்தார்: இதற்கு முன் இப்படி நடந்ததே இல்லை. முன்பு எழுதியதை அவர் அழிக்கவில்லை. நேற்றைய நம்பிக்கையும் இன்றைய உண்மையும் ஒரே கையெழுத்துப் படியில் அருகருகே இருக்கின்றன. எழுதிவைத்த ஜெபத்தால் மட்டுமே இது முடியும். வார்சாவில் வரலாற்றாசிரியர் எமானுவேல் ரிங்கல்ப்ளூம் நடத்திய ரகசிய ஆவணக் குழு அந்தத் தாள்களைப் பால் கேனில் அடைத்து மண்ணில் புதைத்தது. 1943 நவம்பரில் ட்ராவ்னிகி முகாமில் ஷபிரா கொல்லப்பட்டார். கேன் 1950இல் கிடைத்தது, தாள்கள் 1960இல் புத்தகமாயின.

இஸ்லாத்திலும் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. குர்ஆனில் யூசுஃப் அத்தியாயத்தில் யாகூப் நபி மகனைப் பிரிந்த துக்கத்தில் கண்கள் வெளுத்துப்போகுமளவு அழுகிறார். பிள்ளைகள் கண்டிக்கும்போது, என் துயரத்தை முறையிடுவது இறைவனிடம் மட்டுமே என்கிறார். அழகிய பொறுமை என்று பேசியவரும் அவர்தான். பொறுமைக்கும் முறையீட்டுக்கும் பகை இல்லை.

இன்று ஒருவர் தன் துயரை ஜெபமாக எழுத உட்கார்ந்தால் புலமை எதுவும் தேவையில்லை. ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1960இல் மனைவி இறந்தபின் வீட்டிலிருந்த வெற்று நோட்டுகளில் எழுதத் தொடங்கியவை அவரது பழைய சமய நூல்களின் தெளிவான வாதங்களைப்போல இல்லை. கதவு அறைந்து சாத்தப்பட்டதைப் பற்றியும், கடவுள் கொடியவரோ என்ற பயத்தைப் பற்றியும் எழுதினார். மறு ஆண்டு அது வேறொரு பெயரில் வெளியானது. எழுதினால் உடனே மனம் லேசாகிவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் கொடிய அனுபவங்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதிய மாணவர்கள் எழுதி முடித்ததும் கூடுதலாகவே கலங்கினார்கள்; அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் அந்த மாணவர்கள் யாரையும் நோக்கி எழுதவில்லை. ஜெபத்தில் எதிரே ஒருவர் இருக்கிறார், அதுதான் பெரிய வேறுபாடு. ஆகவே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். 'கஷ்டங்கள்' என்று மூடி மறைக்காமல், ஸ்கேன் அறிக்கை, நின்றுபோன சம்பளம், பேசாமல் போன மகன் என்று உள்ளதை எழுத வேண்டும். வேண்டியதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். நன்றி வராத நாளில் நன்றி என்று எழுதி முடிக்கக் கூடாது. தேதி போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இப்படி முறையிடுவது பாவமாகிவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள் பைபிளிலுள்ள யோபு நூலின் 42 அதிகாரங்களையும் கடைசிவரை படிக்க வேண்டும். தன் சொற்கள் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும், இரும்பெழுத்தாணியால் பாறையில் வெட்டப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டவன் யோபு. அவனுடைய மூன்று நண்பர்களும் அத்தியாயம் அத்தியாயமாகக் கடவுளுக்காக வாதாடுகிறார்கள். நீ ஏதோ தவறு செய்திருப்பாய் என்கிறார்கள். முடிவில் கடவுள் அவர்களில் ஒருவனான எலிப்பாசிடம் கோபிக்கிறார். யோபு பேசியதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று சொல்லி, ஏழு காளைகளோடும் ஏழு ஆட்டுக்கடாக்களோடும் அவர்களை அவனிடமே அனுப்புகிறார். அவர்களுக்காக யோபு ஜெபிக்க வேண்டியிருந்தது.