வரைபடமும் நினைவுக் கடமையும்



ஓர் ஊர் இருந்தது என்பதற்குச் சான்று யாது? அங்கு வாழ்ந்தோரின் நினைவா, அன்றி ஏட்டிலும் நிலப்படத்திலும் பொறித்த பெயரா? ஆலைத் தொழிலாளர் இக்கேள்வியின் பொருளை நன்கறிவர். ஆஜர்ப் பட்டியலில் பெயர் இல்லையேல், எட்டு மணி நேரம் தறியருகே நின்றவனும் அன்று வராதவனே. இன்று உலகம் முழுவதற்கும் அத்தகைய பட்டியலொன்று கைப்பேசியில் அமைந்துவிட்டது. அதில் காண்பதே உண்டு, காணாதது இல்லை என்னும் எண்ணமும் மக்களிடையே வேரூன்றி வருகின்றது. இவ்வெண்ணம் தம்மத்திற்கு ஒத்ததா என்று ஆராய்தல் நம் கடமை.

நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்று கட்சால். நிக்கோபார்ப் பழங்குடியினரோடு, 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாக இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழரும் அங்கு வாழ்ந்தனர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அத்தீவைப் பெரிதும் அழித்தது. 2001-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 5,000-க்கு மேற்பட்டிருந்த மக்கள்தொகை 2011-இல் 3,000-க்கும் கீழே இறங்கிற்று. நிலநடுக்கத்தால் தரையே தாழ்ந்தது. தென்னையும் குடிசையும் நின்ற கரையிற் பல பகுதிகள் நிலையாகவே கடலாயின. பிழைத்தோர் மேட்டு நிலத்தில் அரசாங்கம் கட்டித்தந்த வரிசை வீடுகளிற் புகுந்தனர். ‘துஹேத்’ என்னும் பெருங்குடும்ப முறையில் ஒன்றுகூடி வாழ்ந்த மக்களுக்கு அவ்வரிசை புதிது.

இங்கே ஒரு செய்தியைக் கருதுங்கள். பொதுமக்களே கூடி வரையும் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டிலேதான் தொடங்கிற்று. கூகுள் மேப்ஸ் வெளிவந்தது 2005 பிப்ரவரியில். அலை வந்து இரண்டு மாதங்கூட நிறையவில்லை. நம் நாட்டு விண்வெளி நிறுவனத்தின் ‘புவன்’ 2009-இல் வந்தது. ஆக, கட்சாலின் பழைய கரை மறைந்த வேளையிலேதான் புதிய வரைபடம் பிறந்தது. அது அலைக்குப் பிந்திய கரையையே கரை என்று காட்டும். அலைக்கு முன் எடுத்த வான்படம் கிடைப்பினும், அதிற் கூரை தெரியும். கூரையின்கீழ் இருந்தோர் யாவர், அவ்விடத்தை அவர்கள் எப்பெயரால் அழைத்தனர் என்பது தெரியாது. கண்டவர் சொன்னாலன்றி அப்பெயர் எவ்வானிலிருந்தும் இறங்கி வாராது.

“எல்லாம் அநித்தியம் என்று போதித்தார் பகவர், பெயரோ வெறும் வழக்கு. மூழ்கிய ஊரின் பெயரைப் பற்றிக்கொண்டிருத்தல் பற்றன்றோ?” என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் தேரை உவமை காட்டி, அச்சும் அன்று, ஆழியும் அன்று, தேர் என்பது வழக்குச் சொல்லே என்று விளக்கினார். ஆயினும் அச்சொல் பொய் என்றோ, வேண்டாதது என்றோ அவர் உரைத்தாரில்லை. பற்றை விடுதல் வேறு. பிறர் பட்ட துன்பத்தை மறந்துவிடுதல் வேறு. முன்னது ஞானத்தால் வருவது. பின்னது அசட்டையால் வருவது. எண்வகை மார்க்கத்துள் ஒன்றாகிய சம்மா சதியில், சதி என்னும் பாலிச் சொல் நினைவையே குறிக்கும். நெடுநாட்களுக்கு முன் செய்ததையும் சொன்னதையும் நினைவுகூரும் வன்மை என்று சுத்தங்கள் அதனை விளக்குகின்றன.

நம் சமயமே இதற்குச் சான்று. பகவர் பிறந்த லும்பினி பன்னூறு ஆண்டுகள் மறந்து கிடந்தது. 1896-இல் அசோகரின் தூண் கண்டறியப்பட்டு, அதிலிருந்த எழுத்துகள் இடத்தைக் காட்டின. தமிழகத்திலோ, கடல்கொண்ட காவிரிப்பூம்பட்டினத்தை மணிமேகலைக் காப்பியம் நினைவிற் காத்தது. இருபதாம் நூற்றாண்டில் அங்கு அகழ்ந்தபோது புத்த விகாரையின் செங்கற் கட்டடம் வெளிப்பட்டது. கல்லும் காப்பியமும் அன்று செய்த தொண்டை இன்று வரைபடமும் செய்யக்கூடும். 2010-இல் ஹெய்ட்டி நாட்டில் நிலம் நடுங்கியபோது, பல நாட்டு அன்பர்கள் வான்படங்களைப் பார்த்துத் தெருத்தெருவாக வரைந்தளித்தனர். மீட்பாளர்க்கு அது வழிகாட்டியாயிற்று. இது கருணையின் செயல் அன்றி வேறென்ன?

ஆயினும் படத்தில் ஒரு புள்ளி இடுவதும் கன்மமே. அதன் நன்மை தீமை, இடுவோன் எண்ணத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் ‘காலனி’ என்னும் சொல்லை அரசாங்க ஆவணங்களினின்று நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்தினின்று நீங்கிய இழிபெயர், யாரோ இட்ட புள்ளியாய்க் கைப்பேசியில் நிற்குமாயின், நம் குழந்தை வீட்டுக்கு வழி கேட்குந்தோறும் அதனையே கேட்கும். மக்கள் தாமே தம் இடத்துக்கு இட்ட பெயர் நினைவு. மேலோர் எனத் தம்மைக் கருதியவர் சுமத்திய பெயர் தளை. முன்னதைக் காத்தலும் பின்னதை அகற்றலும் ஒரே அறத்தின் இரு கைகள்.

இன்னுமொன்று. கொடாததைக் கொள்ளாமை பஞ்சசீலத்துள் இரண்டாவது. நிக்கோபார் மண் 1956-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தாற் பழங்குடியினர்க்கெனக் காக்கப்பட்டது. அயலார் அனுமதியின்றிப் புகலாகாது. காலால் புகலாகாத இடத்தில் விரலால் மட்டும் புகலாமோ? அவர்தம் இடுகாட்டையும் புனித இடத்தையும் அவரைக் கேளாமற் படத்தில் வெளியிடுதல் கொடாததைக் கொள்வதே. கட்சாலின் நினைவு கட்சால் மக்களுடையது. சொல்லுவதும் சொல்லாது காப்பதும் அவர் உரிமை. சொல்லும்போது பிழையின்றி எழுதுவதே பிறர் கடமை.

ஆதலின் நம் சங்கங்கள் தத்தம் ஊரிலே தொடங்குக. பௌர்ணமிக் கூட்டத்தில் முதியோரை அமர்த்தி, மறைந்த குளம், கிணறு, படிப்பகம், இடுகாடு ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதுக. எவை ஊரார் அறிய வேண்டுவன, எவை நம்முள் இருக்க வேண்டுவன என்று அவரிடமே கேட்டுத் தெளிக. அதன்பின் இளைஞர் கைப்பேசியை எடுக்கட்டும். முதியோர் காலத்தைக் காத்திருக்கச் சொல்ல எவராலும் இயலாது. கேட்க வேண்டியதை வரும் பௌர்ணமியிலேயே கேளுங்கள்.