இருபது உயிரும் உன் கைமுதல்

தாயில்பட்டியிலிருந்து கன்ட்ரோல் டெக்கைப் பையில் போட்டுக்கொண்டு போட்டிக்குக் கிளம்பும் தம்பியே, தங்கச்சியே! அந்த டெக்கை எடுத்ததற்காக எவன் முன்னாலும் தலை குனியாதே. "தடுத்துத் தடுத்தே ஆடுறான், நேருக்கு நேர் மோதத் தைரியமில்ல" என்று எதிரே உட்கார்ந்தவன் முணுமுணுப்பான். முணுமுணுக்கட்டும். அந்த மேசையில் யாருக்கு நெஞ்சுரம் கூடுதலாக வேண்டும் என்பது இரண்டு பக்கமும் ஆடிப் பார்த்தவனுக்குத் தெரியும்.

ஆட்டம் தெரியாத பெற்றோர் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும். 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்'தான் இந்த வகைச் சீட்டாட்டங்களுக்கெல்லாம் மூத்தது. டெக்கை அவரவரே கட்டிக்கொண்டு வர வேண்டும். குறைந்தது 60 சீட்டு. அடிப்படை லேண்டுகளைத் தவிர எந்தச் சீட்டும் நான்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஆளுக்கு 20 உயிர். எதிராளியின் இருபதையும் கரைத்தால் வெற்றி. டர்னுக்கு ஒரு லேண்ட் இறக்கலாம். அது தரும் மானாவைச் செலவழித்துத்தான் மற்றச் சீட்டுகளை ஆட முடியும். அக்ரோ டெக் முதல் டர்னிலிருந்தே சின்னச் சின்ன கிரியேச்சர்களை இறக்கி அடிக்கும். கன்ட்ரோல் டெக் தடுக்கும், மேசையைத் துடைக்கும், சீட்டு சேர்க்கும், நேரம் கனிந்ததும் ஒரே ஒரு ஆயுதத்தை இறக்கி ஆட்டத்தை முடிக்கும். இதில் பணம் வைத்து ஆடுவது கிடையாது. சீட்டு என்றதும் வீட்டில் முகம் சுளித்தால் அம்மாவை, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓர் ஆட்டம் ஆடிக் காட்டு. காலண்டரோடு சீட்டுக்கட்டும் அச்சடிக்கிற சிவகாசி பக்கத்தில் இருக்கிறது. ஆட்டத்துக்கும் சூதுக்கும் வித்தியாசம் சொன்னால் புரியாத ஊர் இல்லை இது. வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் 2022-ல் தொடங்கிய அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்கள் கிடைத்தன. இந்த மண்ணில் யோசித்து ஆடுவது நேற்று வந்த பழக்கமா என்ன?

இப்போது உன் மேசைக்கு வா.

நான்காவது டர்ன். எதிராளியிடம் இரண்டு கிரியேச்சர், இரண்டும் சேர்ந்து டர்னுக்கு ஐந்து அடிக்கின்றன. உன் உயிர் 14. உன்னிடம் நான்கு லேண்ட். கையில் 'ராத் ஆஃப் காட்' இருக்கிறது; நான்கு மானா கொடுத்தால் மேசையில் உள்ள எல்லா கிரியேச்சரும் காலி. விரல் துடிக்கும். 'இப்பவே போட்டுடு, அடி நிக்கட்டும்' என்று மனசு கத்தும். போட்டால் உன் ஒரு சீட்டுக்கு அவனுடைய இரண்டு போகும். ஒரு டர்ன் பொறுத்தால்? இன்னும் ஐந்து அடி வாங்குவாய், 9 ஆவாய். நீ ஒன்றும் செய்யவில்லை என்று பார்த்து அவன் துணிந்து மூன்றாவதையும் நான்காவதையும் இறக்குவான். புதிதாக இறங்கியவை அந்த டர்னில் அடிக்க முடியாது. அப்போது போடு ராத்தை! ஒரு சீட்டுக்கு நான்கு. அவன் கையில் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். உன் கை நிறைந்திருக்கும். அங்கே சாய்கிறது ஆட்டம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பொறுப்பது பொறுமை ஆகாது. அவன் கையில் இருக்கக்கூடியதிலேயே மோசமானது எது, அது எத்தனை அடிக்கும், அடித்த பிறகு உனக்கு எத்தனை மிஞ்சும் என்று கணக்குப் போட்டுவிட்டுப் பொறு. கணக்குச் சரியென்றால் அடி விழும்போது முகம் மாறக் கூடாது. கணக்கு இடித்தால் இரண்டுக்கே ராத்தைப் போட்டுவிட்டு நகர், அதிலும் வெட்கமில்லை. இருபது உயிரும் உன் கைமுதல். கைமுதலைப் பெட்டியில் பூட்டி வைத்து எவன் வியாபாரம் செய்தான்? பதினொன்றைக் கொடு, சீட்டு வாங்கு, லேண்ட் வாங்கு, நேரம் வாங்கு. கடைசி ஒன்றை மட்டும் கொடுத்துவிடாதே.

இந்த நிதானத்தை வெளியூர்க்காரன் வந்து உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாசு மருந்து கலக்குகிறவர் கை எப்படி நகரும் என்று உன் வீட்டுப் பெரியவர்களைக் கேள். வெயில் ஏறுவதற்குள் கலவை வேலையை முடிப்பார்கள். இரும்புச் சாமான் அறைக்குள் வராது. சாக்கைத் தரையில் இழுக்க மாட்டார்கள், தூக்கித்தான் வைப்பார்கள். உரசினால் என்ன ஆகும் என்று தெரியும். அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. அந்த விதியை மீறி ஆளைக் கூட்டி, மருந்தைக் கூட்டி, 'சீக்கிரம், சீக்கிரம்' என்று விரட்டிய அறைகளில் என்ன நடந்தது என்பதை இந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக்கும் சொல்ல வேண்டியதில்லை. உன் அம்மா திரி வைக்கும்போதும் சரம் பின்னும்போதும் நிஜ உயிர் பக்கத்தில் இருக்கிறது. உன் முன்னால் இருப்பது தாளில் எழுதிய ஒரு எண். இருபது பதினான்கானதும் நடுங்குகிற கை உனக்கு எதற்கு? அந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளை நீ. நிமிர்ந்து உட்கார்!

இன்னொன்றையும் நெஞ்சில் எழுதிக்கொள். இந்த ஆட்டத்தின் முதல் உலகச் சாம்பியன் பட்டத்தை வாங்கிக் கொடுத்ததே உன் வழிதான். 1994, அமெரிக்காவின் மில்வாக்கி நகரம். இறுதி ஆட்டத்தில் பிரான்ஸைச் சேர்ந்த பெர்ட்ரண்ட் லெஸ்த்ரே வேகமாக அடிக்கும் டெக்கோடு உட்கார்ந்தார். எதிரே ஜாக் டோலன். மேசையையே உறையவைக்கும் 'ஸ்டேசிஸ்', துடைக்கும் 'ராத் ஆஃப் காட்', முடித்து வைக்க 'செர்ரா ஏஞ்சல்'. டோலன் வென்றார். அதே காலத்தில் பிரையன் வைஸ்மேன் என்பவர் கட்டிய கன்ட்ரோல் டெக்கை உலகம் 'தி டெக்' என்றே அழைத்தது. வேறு பெயர் தேவைப்படவில்லை. அதில் அடித்து வெல்வதற்கென்று இருந்த கிரியேச்சர் இரண்டே இரண்டு செர்ரா ஏஞ்சல். மற்றதெல்லாம் தடுக்க, பிடுங்க, சீட்டு சேர்க்க. அறுபதில் இரண்டை நம்பி மேசைக்குப் போவதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்!

நம்பிக்கை என்று நான் சொல்வது சாமி கும்பிட்டுவிட்டுச் சீட்டை எடுப்பதை இல்லை. கணக்கைச் சொல்கிறேன், பேனா எடு. அறுபது சீட்டில் ராத் நான்கு. தொடக்கத்தில் எடுக்கும் ஏழில் அது ஒன்றாவது இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 40. நீ முதலில் ஆடினால், நான்காவது டர்னுக்குள் 10 சீட்டைப் பார்த்திருப்பாய், வாய்ப்பு 53. கூடுதலாகச் சீட்டு எடுக்கும் சீட்டுகளை ஆடி 16-ஐப் பார்த்துவிட்டால் 72. பார்த்தாயா? அதிர்ஷ்டம் என்று பக்கத்து மேசைக்காரன் சொல்வதை நீ சீட்டுக்குச் சீட்டு உயர்த்திக்கொண்டே போகலாம். பயம் வரும்போது இந்த எண்களை எடுத்துப் பார். பத்துப் பேர் முதுகில் தட்டுவதைவிட இது திடம் தரும்.

2009-ல் ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் புரோ டூர் போட்டி. கால் இறுதியில் பிரான்ஸைச் சேர்ந்த கேப்ரியல் நசீஃப், ஐந்து நிற கன்ட்ரோல் டெக்கோடு, நெருக்கடியில் இருந்தார். அவரைக் காப்பாற்ற ஒரு சீட்டு வேண்டும்: 'க்ரூயல் அல்டிமேட்டம்'. ஏழு மானா, அதுவும் மூன்று நிறத்தில், இன்ன நிறம் இத்தனை என்று கறாராகக் கேட்கும் சீட்டு. அது இன்னும் கைக்கே வரவில்லை. நசீஃப் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஏழு மானாவுக்கு ஏற்றபடி லேண்டுகளை முதலில் ஒழுங்காகப் பிரித்து அடுக்கினார். பிறகு டெக்கிலிருந்து மேல் சீட்டை எடுத்தார். க்ரூயல் அல்டிமேட்டம்! எதிராளியின் கையிலிருந்து மூன்று சீட்டு போயிற்று, ஐந்து உயிர் போயிற்று. இவருக்கு மூன்று சீட்டும் ஐந்து உயிரும் வந்தன. அந்தப் போட்டியையே வென்றார். பார்த்தவர்கள் அந்தச் சீட்டு வந்ததைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். நான் அந்த லேண்டுகளைப் பற்றிப் பேசுவேன். சரியான நிறத்தில் ஏழு லேண்டை அடிபட்டுக்கொண்டே சேர்த்து வைத்திருந்தாரே, அதுதான் ஆட்டம். சீட்டு வரும் நேரம் உன் கையில் இல்லை. வரும்போது நீ தயாராக இருப்பது முழுக்க முழுக்க உன் கையில்.

நம் பிள்ளை ஒருவனையும் சொல்லாமல் விட முடியுமா? 2024 டிசம்பர், சிங்கப்பூர். உலகச் சதுரங்கச் சாம்பியன் போட்டி. சென்னைப் பையன் குகேஷ், வயது 18, எதிரே நடப்புச் சாம்பியன் சீனாவின் டிங் லிரென். முதல் ஆட்டத்திலேயே குகேஷுக்குத் தோல்வி. 11-வது ஆட்டத்தில் வென்று முன்னுக்கு வந்தான். மறுநாளே 12-வதில் தோற்றான். அதோடு மனம் உடைந்திருந்தால் கதை முடிந்திருக்கும். டிசம்பர் 12, கடைசி ஆட்டம், கறுப்புக் காய்கள். கையில் இருந்த லாபம் ஒரே ஒரு சிப்பாய். டிராதான் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். குகேஷ் எழுந்து போகவில்லை. எதிராளி ஒவ்வொரு நகர்த்தலுக்கும் யோசித்தே ஆக வேண்டும் என்று நெருக்கிக்கொண்டே இருந்தான். 55-வது நகர்த்தலில் டிங் யானையை வைக்கக் கூடாத கட்டத்தில் வைத்தார். யானைக்கு யானை போயிற்று, மந்திரிக்கு மந்திரி போகும் நிலை வந்தது, மிஞ்சிய சிப்பாய்க் கணக்கில் குகேஷ் உலகச் சாம்பியன். ஆட்டம் வேறு, நெஞ்சு ஒன்றே. தவறு செய்யும் வாய்ப்பை எதிராளிக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கிற தெம்பு அது. உன் டெக்கும் அதைத்தான் செய்கிறது.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. காத்திருப்பது வேறு, நேரத்தைத் தின்பது வேறு. ரவுண்டுக்கு 50 நிமிடம். மூன்றில் இரண்டு ஆட்டம் வெல்ல வேண்டும். நேரம் முடிந்தால் ஐந்து டர்ன் கூடுதல், அதற்குள் தீராவிட்டால் அந்த ஆட்டம் டிரா. ஸ்விஸ் முறையில் வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. கன்ட்ரோல் ஆடுகிறவர்கள் பாதிப் பேர் எதிராளியிடம் தோற்பதில்லை, கடிகாரத்திடம் தோற்கிறார்கள். ஆகவே வீட்டில் வேகமாக ஆடிப் பழகு. கலைப்பதில் வேகம், லேண்ட் இறக்குவதில் வேகம், எதிராளி யோசிக்கும்போதே உன் பதிலை யோசிப்பதில் வேகம். நிதானம் முடிவில் இருக்கட்டும், கையில் வேண்டாம். எதிராளி இழுத்தடித்தால் கூச்சப்படாமல் கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிடு. பெரிய நகரத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவார்கள். பேசட்டுமே. நீ தமிழில் கேட்டாலும் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாலும் விதி அதே விதிதான். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது உன் உரிமை.

இன்னொரு நோய், இது நல்ல ஆட்டக்காரர்களையே கொல்லும். 1999-ல் மைக்கேல் ஃப்ளோரஸ் எழுதிய ஒரு கட்டுரை இந்த ஆட்டத்தின் பாலபாடம் ஆகிவிட்டது. மேசையில் அடிக்க வேண்டியவர் யார், தடுக்க வேண்டியவர் யார் என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்பவர் தோற்பார் என்பது அதன் சாரம். கன்ட்ரோல் டெக் எடுத்துவிட்டோம் என்பதற்காக எல்லா ஆட்டத்திலும் நீ தடுப்பவன் இல்லை. உன்னைவிட மெதுவான, உன்னைவிடப் பெரிய முடிவு வைத்திருக்கிற டெக் எதிரே வந்தால் நீதான் அடிக்க வேண்டும். அங்கேயும் பதுங்கிக்கொண்டே இருந்தால் அது பொறுமை இல்லை, பயம். ஏழு சீட்டை எடுத்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த மேசையில் நான் யார்?' இரண்டாம் ஆட்டத்துக்கு முன் சைட்போர்டின் 15 சீட்டிலிருந்து மாற்றும்போது மறுபடி கேள். பதில் மாறியிருக்கலாம்.

முதல் ரவுண்டில் தோற்றால் கூடத்தை விட்டு வெளியே போய் நிற்காதே. ஸ்விஸ் முறையில் ஒரு தோல்வி உன்னை வெளியேற்றாது. தண்ணீர் குடி, டெக்கை எண்ணு, சைட்போர்டுச் சீட்டுகளைத் திருப்பி எடுத்து வை. அதை மறந்து அடுத்த ரவுண்டுக்குப் போய்த் தண்டனை வாங்கியவர்கள் உண்டு. பிறகு மேசை எண்ணைப் பார்த்துப் போய் உட்கார்.

அப்புறம் அந்த நேரம் வரும். அவன் கை காலி. மேசை காலி. உன் உயிர் நான்கோ மூன்றோ. கையில் நான்கு சீட்டு, அதில் ஒன்று கவுண்டர்ஸ்பெல். அப்போதும் உன்னில் பாதி, 'இன்னும் ஒரு டர்ன் பொறுக்கலாமே' என்று சொல்லும். இத்தனை நேரம் காப்பாற்றிய பழக்கம், கடைசி வாசலில் காலைப் பிடித்து இழுக்கும். உதறு! ஐந்து மானாவைத் தட்டி செர்ரா ஏஞ்சலை இறக்கு. கவுண்டருக்கு இரண்டு மானா மிச்சம் வைத்துக்கொள். அவன் தடுக்கப் போடும் சீட்டை நீ தடு. அந்த ஏஞ்சலுக்கு அடிக்கு நான்கு. உரக்கச் சொல்லு, அவனும் கேட்கட்டும்: பதினாறு, பன்னிரண்டு, எட்டு, நான்கு, முடிஞ்சது. கை கொடு. அடுத்த மேசை எது என்று பார்.