அரிய ரத்தம் யாருக்குக் கடன்பட்டது?

சீட்டில் ஓ பாசிட்டிவ் என்று இருக்கிறது. ஓ ரத்தத்துக்கா பஞ்சம் என்று நோயாளியின் வீட்டார் நிம்மதியாக இருக்கிறார்கள். ரத்த வங்கியில் கிராஸ் மேட்ச் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. முதல் பை சேரவில்லை. குழாயில் சிவப்பணுக்கள் திட்டுத்திட்டாகக் கட்டிக்கொள்கின்றன. அடுத்த பையும் அப்படித்தான். குளிர்பெட்டியில் உள்ள ஓ பை ஒன்றுகூடச் சேரவில்லை.

பாம்பே குரூப் பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. 1952இல் பம்பாயில் டாக்டர் ஒய். எம். பெண்டேயும் உடனிருந்தவர்களும் கண்டறிந்து, ‘லான்செட்’ இதழில் எழுதிய வகை இது. ஏ, பி வகைகள் உருவாக அடித்தளமாக இருப்பதும், ஓ வகையில் நிறைந்திருப்பதுமான ஹெச் ஆன்டிஜென் இவர்களுடைய அணுக்களில் கிடையாது. அதனால் மேலோட்டமான சோதனையில் ஓ என்றே காட்டும். ஆனால் ஹெச்சை எதிர்க்கும் ஆன்டிபாடி உடம்பில் இருப்பதால், ஓ ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர் இந்த வகை. ஐரோப்பாவில் 10 லட்சத்தில் ஒருவர். சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டும் நம் பக்கத்துக்கும் இது பொருந்தும்.

ஆக, இந்த நோயாளிக்கு ரத்தம் தர இன்னொரு பாம்பே குரூப்காரரால்தான் முடியும். அவரிடம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அவர் மாட்டேன் என்றால்?

1978இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு நீதிமன்றம் இதற்கு நெருக்கமான கேள்வியைச் சந்தித்தது. எலும்பு மஜ்ஜை பழுதாகிச் சாகக் கிடந்தார் ராபர்ட் மெக்ஃபால். பொருந்தக்கூடியவராகத் தெரிந்த உறவினர் டேவிட் ஷிம்ப் மஜ்ஜை தர மறுத்தார். மெக்ஃபால் வழக்குப் போட்டார். மறுப்பது அறத்துக்கு ஒவ்வாதது என்று நீதிபதி சொன்னார். ஆனாலும் ஒருவர் உடம்பிலிருந்து கட்டாயப்படுத்தி எடுக்கச் சட்டத்துக்கு அதிகாரமில்லை என்று மனுவைத் தள்ளினார். சில வாரங்களில் மெக்ஃபால் இறந்துபோனார். கொடுமையான முடிவுதான். ஆனால் மாற்றித் தீர்ப்பு எழுதியிருந்தால் அதைவிடக் கொடுமை. ஆளைப் பிடித்து மேசையில் கட்டிப்போடும் உரிமை அரசுக்குக் கிடைத்திருக்கும்.

ரத்தம் கொடுப்பது மஜ்ஜை கொடுப்பதைப் போலக் கடினமில்லை, ஊசி குத்தும் நேரம்தானே என்பார்கள். ஒருமுறை என்றால் சரி. அரிய வகைக்காரருக்கு அழைப்பு ஒருமுறையோடு நிற்பதில்லை. ஊர் ஊராக, நள்ளிரவிலும் வரும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும் என்ற விதிகளெல்லாம் எதிர்முனையில் அழும் குரலுக்குத் தெரியாது. அதற்குமேல், அவர் பெயரும் கைப்பேசி எண்ணும் வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்கில் சுற்றும். அனுப்பியவருக்குப் புண்ணியம், கொடையாளருக்குத் தூக்கம் போச்சு.

வீட்டுக்குள் நெருக்கடி இன்னும் அதிகம். கூடப்பிறந்தவருக்கும் இதே வகை அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அதனால் முதல் அழைப்பு தம்பிக்கோ தங்கைக்கோதான் போகும். ரத்தசோகையோடு இருக்கும் தங்கை முடியாது என்று சொன்னால் அந்தக் குடும்பத்தில் அவள் தலை நிமிர முடியுமா? ஊரே கூடி வாங்கும் சம்மதத்தைத் தன்னார்வம் என்று சொல்லக் கூச வேண்டும்.

பணம் கொடுத்தால் தீராதா என்பது அடுத்த கேள்வி. உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பால் இந்தியாவில் ரத்த விற்பனைக்குத் தடை வந்தது. அரிய வகைக்கு மட்டும் விலக்குக் கேட்பது தவறு. விலை வைத்தால் முதலில் விற்க வருபவர் கையில் காசில்லாத பாம்பே குரூப்காரர். நாளை விபத்தில் அடிபட்டு வாங்க முடியாமல் நிற்பவரும் அவர்தான். பஸ் செலவையும் இழந்த கூலியையும் தருவது வேறு. அதைத் தராமல் வெறும் கையோடு அனுப்புவதுதான் அநியாயம்.

வழி, முன்கூட்டியே சேமித்து வைப்பதுதான். சாதாரணமாக ஒரு பை சிவப்பணு 35 முதல் 42 நாள் தாங்கும். கிளிசரால் சேர்த்து உறையவைத்தால் 10 ஆண்டு வைத்திருக்கலாம். செலவு பிடிக்கும் வேலை, உருக்கிக் கழுவிய பிறகு ஒரு நாளுக்குள் ஏற்றிவிடவும் வேண்டும். இருந்தும் செய்யக்கூடியதே. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பல நாட்டு அரிய கொடையாளர்களுக்கான பதிவேடு ஒன்று இருக்கிறது. அங்கே ரத்த மையங்கள்தான் தமக்குள் பேசிக்கொள்கின்றன. கொடையாளரின் கைப்பேசி எண் தெருவுக்கு வருவதில்லை.

இந்த ஏற்பாடு இல்லாத ஊரில், முடியாது என்றவரைத் திட்டுவது பெரிய போலித்தனம். அவர் கொடுப்பது நல்லது, கொடுக்காதது குற்றமல்ல. சேமித்து வைக்காதது, ரத்தநீரை ஓ அணுக்களோடு சேர்த்து எதிர்ச்சோதனை பார்க்காமல் ஓ என்று சீட்டு எழுதிக் கொடுப்பது, இவைதான் குற்றம். குடும்பத்தில் ஒருவருக்கு பாம்பே குரூப் என்று தெரிந்தால் உடன்பிறந்தவர்கள் அவசரம் வரும்வரை காத்திராமல் இப்போதே சோதித்துக்கொள்ளுங்கள். பழைய வாட்ஸ்அப் செய்தியில் யாருடைய எண்ணாவது இருந்தால் மேலே அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.